சண்டை முடிஞ்ச பிறகு என்ன கதை?

உசிலம்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருபது வருஷம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெரியவரிடம் சுஜாதாவின் 'மீண்டும் ஜீனோ' எப்படி என்று கேட்டேன். முதல் புத்தகமான 'என் இனிய இயந்திரா'வை வடக்கே ஏதோ ஒரு முகாமில் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்து படித்தவர் அவர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சண்டைதான் மொதப் பாகத்திலேயே முடிஞ்சு போச்சே தம்பி. அதுக்குப் பிறகு என்ன கதை?" என்றார். என்னிடம் அப்போது பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

ராணுவ அறிவியல் புனைகதை என்று ஆங்கிலத்தில் ஒரு தனி அலமாரியே உண்டு. வருங்காலத்துப் படை, அதன் ஆயுதம், பாசறைச் சாப்பாடு, மேலதிகாரியின் முட்டாள்தனம், பக்கத்தில் செத்து விழுந்த தோழன் என்பவைதான் அதன் சரக்கு. 1959இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' அந்த அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதற்கு எதிர்வாதம்போல 1974இல் வந்தது ஜோ ஹால்டெமனின் 'தி ஃபாரெவர் வார்'. ஹால்டெமன் இயற்பியலும் வானியலும் படித்த கையோடு கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்டு வியட்நாமுக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். அவர் நாவலில் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் கப்பலில் போர்வீரனுக்குச் சில வருஷங்கள் கழியும்போது, பூமியில் நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தவனுக்கு ஊர் அந்நியம், பேச்சு அந்நியம். வருஷாந்திர லீவில் வந்து இறங்கியபோது, பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு அப்பத்தா முந்தானைக்குள் ஒளிந்ததைப் பார்த்த எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்களுக்கு இதை விளக்க ஐன்ஸ்டைன் வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. நேதாஜி 1939இல் தொடங்கிய ஃபார்வர்ட் பிளாக் இங்கே ஆழமாக வேர்விட்ட கட்சி. ஒரு தலைமுறையில் போஸ் என்று பெயர் வைத்த பிள்ளை இல்லாத தெரு அபூர்வம். சியாச்சின் குளிர், ராஜஸ்தான் மணல், ரேடாரில் விடிய விடிய உட்கார்ந்த கண்ணெரிச்சல் என்று திண்ணைதோறும் கதை கிடக்கிறது. அவர்கள் கதை சொல்வார்கள், எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் பட்டாளத்துக்குப் போவதில்லை. தமிழில் ராணுவ அறிவியல் புனைகதை என்ற மனை காலியாகக் கிடப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காலி மனைக்கு என்ன ஆய்வு என்று கேட்கலாம். யார் எங்கே வேலி போட்டார்கள், யார் கடைக்கால் தோண்டிவிட்டு நிறுத்தினார்கள் என்று பார்த்தாலே ஒரு கட்டுரைக்குத் தேறும்.

அதற்குமுன் இரண்டாம் புத்தகம் என்னும் இக்கட்டைப் பற்றி.

மூன்று புத்தக வரிசையில் நடுப்பிள்ளைக்கு எப்போதும் ஏச்சுதான். மூத்ததற்குப் புதுமை உண்டு, இளையதற்கு முடிவு உண்டு, நடுவிலானது இரண்டுக்கும் பாலமாகக் கிடக்க வேண்டும். ஜான் ஸ்கால்ஸியின் 'ஓல்ட் மேன்ஸ் வார்' 2005இல் வந்தது. எழுபத்தைந்து வயதுக் கிழவர்களைப் படையில் சேர்த்து, புது உடம்பு கொடுத்துச் சண்டைக்கு அனுப்பும் கதை. அதை ரசித்தவர்கள் 2006இல் வந்த இரண்டாம் நாவலான 'தி கோஸ்ட் பிரிகேட்ஸ்' கையில் கிடைத்ததும் முதலில் கேட்டது, நாயகன் ஜான் பெர்ரி எங்கே என்பதுதான். அவர் அதில் கிட்டத்தட்ட இல்லை. அடுத்த வருஷம் வந்த மூன்றாவதில்தான் திரும்பி வருகிறார். சீனத்து லியூ சிஷின் 2008இல் எழுதிய 'தி டார்க் ஃபாரஸ்ட்'டும் மூன்றில் நடுவிலானதே. முதல் நூலின் யே வென்ஜியே ஆரம்பத்தில் தலைகாட்டிவிட்டு ஒதுங்க, லுவோ ஜி என்ற சோம்பேறிப் பேராசிரியர் தலையில் மனிதகுலத்தின் பாதுகாப்பு விழுகிறது. அதில் ஒரு கடற்போர், இல்லை, விண்வெளிப்போர் வருகிறது. மனிதர்கள் இரண்டு நூற்றாண்டுகளாகக் கட்டிய ஏறத்தாழ 2,000 போர்க்கப்பல்கள் அணிவகுத்து நிற்க, வேற்றுலக எதிரியின் நீர்த்துளி வடிவிலான ஒரே ஒரு சிறு கலம் வந்து ஏறக்குறைய அத்தனையையும் ஊசி கோத்ததுபோலத் துளைத்துவிட்டுப் போகிறது. அதைப் படித்தவர்கள் அந்த அத்தியாயத்துக்காகவே புத்தகத்தைக் கும்பிடுகிறார்கள். அதே புத்தகத்தில் பெண்கள் ஓர் ஆணின் பகல்கனவாக மட்டுமே வருகிறார்கள் என்று சண்டை போடுகிறவர்களும் அவர்களே. இரண்டும் சரியான கருத்து.

ஹால்டெமன் விவகாரம் இன்னும் வேடிக்கை. 1997இல் அவர் 'ஃபாரெவர் பீஸ்' வெளியிட்டபோது, இது முந்தைய நாவலின் தொடர்ச்சி அல்ல என்று முன்பக்கத்திலேயே எச்சரித்துவிட்டார். தன் அளவில் ஒருவகைத் தொடர்ச்சிதான் என்றும் கூடவே சொல்லி வைத்தார். அதில் வீரர்கள் களத்துக்கே போவதில்லை. தொலைவில் உட்கார்ந்து மூளையின் வழியாக இயந்திரப் பொம்மைகளை இயக்கிக் கொல்கிறார்கள். ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் அதற்குக் கிடைத்தன. 1999இல் உண்மையான தொடர்ச்சியாக 'ஃபாரெவர் ஃப்ரீ' வந்தபோதோ, அதன் முடிவைக் கண்டு பழைய வாசகர்கள் பலர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். தொடர்ச்சி இல்லாததைக் கொண்டாடினார்கள், தொடர்ச்சியை வெறுத்தார்கள். வாசகர் மனசுக்கு வாய்ப்பாடு கிடையாது.

தமிழுக்கு வருவோம். இங்கே மூன்று பாகத்துப் போர்க்கதைக்கு மூதாதை சாண்டில்யனின் 'கடல் புறா'. குமுதத்தில் தொடராக வந்து மூன்று பெரும் பாகங்களாகப் புத்தகமானது. சரித்திரக் கதையை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், அதன் இரண்டாம் பாகத்தின் உண்மையான நாயகன் ஒரு கப்பல். இளைய பல்லவன் அட்சயமுனையில் தங்கி, தனக்கு வேண்டிய போர்க்கலத்தைத் தன் விருப்பப்படி கட்டுகிறான். எங்கே எதை மறைப்பது, எதை எப்படி இறக்குவது என்று சாண்டில்யன் விளக்கும் இடங்களில் ஒரு பொறியாளரின் உற்சாகம் தெரியும். அங்கேயும் வாசகர்கள் இரண்டு கட்சிதான். முதல் பாகத்துக் காஞ்சனாதேவியை விட்டுவிட்டு மஞ்சளழகியின் பக்கம் கதை சாய்ந்ததை மன்னிக்காதவர்கள் ஒரு கட்சி. மஞ்சளழகிக்காகவே இரண்டாம் பாகத்தை மட்டும் நாலு தடவை படித்தவர்கள் மறு கட்சி. என் சித்தப்பா இரண்டாம் கட்சி. சித்தி முதல் கட்சி. அந்த வீட்டில் மூன்றாம் பாகம் வரைக்கும் சமாதானம் கிடையாது. ஜான் பெர்ரியைத் தேடிய அமெரிக்க வாசகருக்கும் காஞ்சனாதேவியைத் தேடிய சித்திக்கும் குறை ஒன்றே. நடுப்பாகம் ஆளை மாற்றிவிட்டது.

வேலி போட்ட அடுத்த ஆள் சுஜாதா. அவரிடம் இந்த மனைக்குப் பட்டாவே இருந்தது என்று சொல்லலாம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். அது 1954இல் தொடங்கிய பாதுகாப்புத் துறை நிறுவனம். ராணுவத்துக்கு ரேடாரும் தகவல்தொடர்புக் கருவிகளும் செய்துகொடுப்பது அதன் பிழைப்பு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவர் பங்கு ஊரறிந்தது. ஆயுதத்தின் உள்வயிறு தெரிந்த ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார் என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை அவர் எப்படிச் செலவழித்தார்?

'விக்ரம்' ஒரு வழி. திருடுபோன ஏவுகணையைத் தேடிப் போகும் கதை. 1986 மே மாதம் கமல்ஹாசன் நடித்துப் படமாக வந்தது. ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரன். சரியாக மூன்று வருஷம் கழித்து, 1989 மே 22 அன்று சண்டிப்பூரிலிருந்து இந்தியா உண்மையிலேயே அக்னி என்ற ஏவுகணையைப் பறக்கவிட்டது. பெயர்ப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும், மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் படத்தில் ஏவுகணை ஒரு சாக்கு. சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போனதும் கதை இளவரசி, பாட்டு என்று திரும்பிவிடுகிறது.

'ரத்தம் ஒரே நிறம்' இன்னொரு வழி. 1857 சிப்பாய்க் கிளர்ச்சி பற்றிய நாவல். வாசகர் கருத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அதன் பிறப்பே சாட்சி. குமுதத்தில் முதலில் 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்ற பெயரில் தொடங்கி, சில வாரங்களிலேயே கடும் எதிர்ப்பு வந்து நின்றுபோனது. பிறகு வேறு தலைப்பில், வேறு மாதிரி எழுதினார். படையைப் பற்றி எழுத வந்த சுஜாதாவுக்குத் தமிழ்நாட்டில் முதல் எதிர்ப்பு படையிலிருந்து வரவில்லை.

இப்போது ஜீனோ.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த 'என் இனிய இயந்திரா' நடப்பது 2021-22இல். (அந்த வருஷங்களை நாம் முகக்கவசத்தோடு கடந்துவிட்டோம், கதையில் வருவதுபோலச் சொந்தமாக யோசிக்கும் ரோபாட் நாய் மட்டும் வரவில்லை.) நாட்டை ஆள்பவர் ஜீவா. எல்லாருக்கும் இரண்டே எழுத்தில் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைத்த சமயத்தில் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டுக்குள் தங்க வரும் ரவியோடு சேர்ந்து நுழைகிறது ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், படிக்கும், கிண்டலடிக்கும், நாளாக ஆகச் சொந்தமாக யோசிக்கவும் செய்யும். ரவியும் மனோவும் ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள். இறுதியில் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, ஹோலோகிராம் எனப்படும் வெறும் ஒளியுருவம் என்று தெரியவருகிறது. பெரியவர் சொன்ன சண்டை அங்கே முடிகிறது.

'மீண்டும் ஜீனோ'வில் நிலா ராணியாக உட்கார்ந்திருக்கிறாள். நூலை இழுப்பவர்கள் ரவியும் மனோவும். பொம்மையை விரட்டிய இடத்தில் இன்னொரு பொம்மை, இந்த முறை சதையும் ரத்தமுமாக. அவளுக்கென்று இருப்பது ஜீனோ மட்டும். முடிவைச் சொல்ல மாட்டேன், இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டாம் புத்தகத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் பலரிடம் கேட்டேன். கணக்கெடுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம், கேட்டது டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும்தான். பெரும்பாலோர் பதில் சிக்னல்ஸ் பெரியவரின் பதிலை ஒட்டியே இருந்தது. விகடன் பக்கங்களைக் கிழித்து, மைதாப் பசை ஒட்டிப் பைண்ட் செய்து வைத்திருக்கும் ஒருவர், "மொதல்ல வாரா வாரம் நெஞ்சு அடிச்சுக்கும். இதுல நாய் பேசுறதைக் கேட்டுட்டே இருக்க வேண்டியதாப் போச்சு" என்றார். கல்லூரியில் கணினி படிக்கும் ஒரு தம்பி 'தி டார்க் ஃபாரஸ்ட்'டை ஆங்கிலத்தில் முடித்தவன். 2024இல் அந்த வரிசையின் நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போன கூட்டத்தில் ஒருத்தன். "ரெண்டுலயும் ஒரு மெஷின் வந்து எல்லாத்தையும் மாத்துது. அங்கே அது துளைக்குது, இங்கே ஜோக் அடிக்குது" என்று சிரித்தான். சரியாகப் பிடித்தான் என்றே சொல்வேன்.

ஒரு பதில் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா சொன்னது. "மொதப் புஸ்தகத்துல அவ ஒருத்தன் பொண்டாட்டி. ரெண்டாவதுல ராணி. ராணி ஆகியும் கையெழுத்து மட்டும்தான் அவளோடது. இதை நீங்க கற்பனைக் கதைன்னு சொல்றீங்களா தம்பி?"

அவர் எதைச் சொன்னார் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வரலாறு. 1996இல் உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்து வருஷம் அங்கே நடந்தவற்றைக் கதையாக எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்ப மாட்டார். வேட்பாளரே கிடையாது, கிடைத்தால் ஊர் நிறுத்திய ஆள், அவர் ஜெயிப்பார், பதவி ஏற்பார், உடனே ராஜினாமா எழுதிக் கொடுப்பார். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் தேர்தலாக நடந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளிலோ தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்ந்த பிறகும் இரண்டாவது நாற்காலி எல்லா ஊரிலும் ஒழிந்துவிடவில்லை. ரவியையும் மனோவையும் இந்த ஊர் நன்றாக அறியும். அவர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொண்டு முதல் புத்தகத்துக்குத் திரும்பிப் போனால் அதுவும் வேறு மாதிரி தெரிகிறது. அந்தக் கதை அச்சில் ஓடிக்கொண்டிருந்த அதே எண்பதுகளின் நடுவில், 1986இல், ஓர் ஆங்கில இதழ் அட்டைப்படக் கட்டுரை போட்டு உசிலம்பட்டியை நாடு முழுக்கப் பேச வைத்தது. பொருள், பெண்சிசுக் கொலை. எந்தப் பிள்ளை வேண்டும் என்பதை அரசாங்கம் முடிவு செய்கிறது என்று விகடனில் ஒரு பொறியாளர் கற்பனை செய்தார். அதை வீடே முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல்தான் வந்தது, பாரதிராஜாவின் 'கருத்தம்மா' 1994இல். இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பேச்சால் இன்றும் கூசுகிறோம். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிராளி முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். வறுமையும் வரதட்சணையும் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததுபோல ஒரு பார்வை அது. இருந்தாலும், நிலாவுக்கு வந்த அனுமதிச் சீட்டை வெறும் விஞ்ஞான வேடிக்கையாக இங்கே யாரும் புரட்ட முடியாது.

இன்னும் பின்னால் போகலாம். குடிமக்கள் எல்லாரையும் எண்ணி, பெயர் குறித்து, கண்காணிக்கும் ஜீவாவின் ஆட்சியை விமரிசகர்கள் ஜார்ஜ் ஆர்வெல்லோடு ஒப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆர்வெல் தேவையில்லை, ரேகைச் சட்டம் போதும். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு இங்குள்ள பெயர் அது. கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைப் பயன்படுத்த உலகின் முதல் கைரேகைக் கூடம் 1897இல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. அதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். அந்தக் காலத்து அதிநவீனத் தொழில்நுட்பம் பிறகு இந்த வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. ரேகை வைக்க வேண்டும், இரவில் சாவடியில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூர் கிராமம் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல். தாத்தா காலத்தில் நடந்து முடிந்ததை 2022இல் நடக்கும் என்று சுஜாதா எழுதினார். அவர் பெங்களூருவில் உட்கார்ந்து எதிர்காலம் என்று நினைத்தது இங்கே பழைய சமாச்சாரம்.

சட்டம் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் இரண்டாம் புத்தகம். பெரியவருக்கு என் பதிலின் பாதி இது. சண்டை முடிந்த பிறகு நாற்காலி யாருக்கு என்ற கதை தொடங்குகிறது, அது சண்டையைவிட நீளமானது.

அதற்காக 'மீண்டும் ஜீனோ'வைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. குறைகள் பெரியவை. முதல் குறை, இரண்டு நாவலிலும் படை என்று ஒன்று கண்ணில் படாதது. ஆட்சியைப் பிடிக்கிறார்கள், ஆனால் பாசறைகளில் இருந்தவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று தெரியாது. ஜீவா ஒளியுருவம் என்றால் அந்த ஒளிக்கு வேலை பார்த்த லட்சக்கணக்கான சீருடைக்காரர்கள் மறுநாள் காலை எங்கே ரிப்போர்ட் செய்தார்கள்? சிக்னல்ஸ் பெரியவர் கேட்ட உபகேள்வி இது. ரேடார் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர் ரேடாருக்குப் பின்னால் உட்கார்ந்தவனை எழுதாமல் விட்டார். இரண்டாவது, தொடர்கதையின் அவசரம். வாரக் கடைசியில் ஒரு திடுக்கிடல் வைத்தாக வேண்டும் என்பதால் துரத்தலும் தப்பித்தலும் மாறி மாறி வருகின்றன. சேர்த்துப் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது. மூன்றாவது குறையை மேலே சொன்ன பைண்டிங்காரர் சொல்லிவிட்டார். ஜீனோ தன் எஜமானர்களை மட்டும் அல்ல, ஆசிரியரையும் மீறிவிட்டது. நிலா ராணியாக எடுக்க வேண்டிய முடிவுகளின் வலியை எழுத வேண்டிய இடங்களில் நாய் ஒரு ஜோக் சொல்லிக் காப்பாற்றிவிடுகிறது. தலைப்பிலேயே அவள் இல்லையே. ஆசிரியை அக்கா அந்த நாவலில் படித்தது பாதி அதில் இருப்பது, பாதி அவர் கொண்டுவந்து சேர்த்தது. நல்ல வாசகர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தமிழில் படையைப் பற்றிய நாவலை உண்மையில் எழுதியவர்கள் யார் என்றால், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்து இலங்கைத் தமிழர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா', சயந்தனின் 'ஆறாவடு', 'ஆதிரை', குணா கவியழகனின் 'நஞ்சுண்ட காடு', 'விடமேறிய கனவு', 'அப்பால் ஒரு நிலம்'. பயிற்சி முகாமின் பசி, கட்டளைக்குக் கீழ்ப்படியும்போது உள்ளே நொறுங்கும் ஒன்று, ஆயுதத்தின் கனம் ஆகியவற்றை உடம்பில் அறிந்தவர்களின் எழுத்து இந்த வரிசையில் உண்டு. குணா கவியழகனின் இந்த மூன்று நாவல்களில் நடுவிலான 'விடமேறிய கனவு' போர் முடிந்து தடுப்பில் அடைபட்டவர்களின் கதை என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். அங்கேயும் சண்டை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கதை. பெரியவருக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன், இன்னும் திருப்பித் தரவில்லை. படிக்கிறார் என்று நம்புகிறேன்.

இவை அறிவியல் புனைகதை இல்லை. அவர்களுக்குக் கற்பனை செய்ய அவசியம் இருக்கவில்லை. போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியின் வானத்தில் சுற்றிய ஆளில்லா உளவு விமானத்துக்கு மக்கள் 'வண்டு' என்று பெயர் வைத்தார்கள். வண்டு வந்தால் பின்னாலேயே குண்டு வரும் என்று பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். ஹால்டெமன் 1997இல் கற்பனையாக எழுதிய தொலைதூர இயந்திரப் போரின் அடியில் பன்னிரண்டு வருஷத்துக்குள் தமிழர்கள் படுத்துக் கிடந்தார்கள். அந்த வண்டின் கண் வழியாகப் பார்க்கும் ஒரு தமிழ் நாவல் இன்னும் என் கைக்கு வரவில்லை. வந்தால் அதுதான் நம் மொழியின் முதல் ராணுவ அறிவியல் புனைகதையாக இருக்கும்.

மற்ற இடங்களில் வேலை நடக்காமல் இல்லை. ஜெயமோகனின் 'விசும்பு' கதைகள் சித்தமருத்துவம் முதல் பறவைகள்வரை நம் மண்ணின் அறிவை வைத்து அறிவியல் கதை எழுத முடியும் என்று காட்டின. தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' விகடனில் தொடராக வந்து மனிதர்களை வேறு கிரகத்தில் குடியேற்றியது. அரூ இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் புது ஆட்களைக் கொண்டுவந்தது. ஆனால் போட்டி எல்லாம் சிறுகதைக்கு. சிறுகதையில் சண்டை முடிந்ததும் கதையும் முடிந்துவிடும், இரண்டாம் பாகம் என்ற தொல்லை கிடையாது. மூன்று பாகம் எழுதப் பதிப்பாளரும் பொறுமையும் வேண்டும். அதைவிட முக்கியமாக, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் எழுதுகிறவருக்கு ஆர்வம் வேண்டும். நம் கதாசிரியர்களுக்கு முடிசூட்டு விழா பிடிக்கும். மறுநாள் காலை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

ஊரில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ரேடார் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள், ட்ரோன் ஓட்டியவர்களும் இனி வருவார்கள். திண்ணையில் சொல்வதை நோட்டில் எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க ஆள் கிடைக்கும். வாசகர்களுக்கு வேறொன்று. 'மீண்டும் ஜீனோ'வை முதலில் படித்துவிட்டுப் பிறகு 'என் இனிய இயந்திரா'வுக்கு வாருங்கள். கதை கொஞ்சம் குழம்பும், பரவாயில்லை. ராணியான நிலாவை முதலில் பார்த்துவிட்டு, அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்கும் நிலாவிடம் போனால் எந்தப் புத்தகம் பெரியது என்பதில் உங்கள் தீர்ப்பு மாறக்கூடும். ஆசிரியை அக்கா அந்த வரிசையில்தான் படித்தாராம். நூலகத்தில் அன்றைக்கு முதல் பாகம் வெளியே போயிருந்தது.